கிட் கார் சைலன்சர் கத்துகிறது: பேக்கிங் மாற்ற எதை அடைப்பது, எவ்வளவு அடைப்பது?

புதுஸ்பேனர்

எல்லாருக்கும் வணக்கம். நாலு வருஷத்துக்கு முன்னால் நானே ஒவ்வொரு நட்டாகப் பூட்டி முடித்த கிட் கார். 1957-ல் வந்த லோட்டஸ் செவன் வடிவம்தான். 2 லிட்டர், நாலு சிலிண்டர், இரட்டைக் கார்புரேட்டர். சைலன்சர் பின்னால் இல்லை, பக்கவாட்டில் வெளியே தொங்குகிறது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் முழங்கைக்கு நேர் கீழே வரும்.

இதுவரை 14,000 கி.மீ. ஓடியிருக்கிறது. முதல் வருஷம் சத்தம் கனமாக, மென்மையாக இருந்தது. இப்போது தகரத்தை ஆணியால் சுரண்டுகிற மாதிரி ஒரு காரல். என் மகள் இந்த வண்டி என்றால் உயிரையே விடுவாள். போன மாதம் பாதி வழியில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அது எனக்குத் தாங்கவில்லை. அதோடு டிராக் டே (சொந்த வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்ட விடும் நாள்) ஒன்றில் சத்தம் அளந்து 106 டெசிபல் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் வைத்திருந்த அளவைவிட 4 அதிகம்.

கவனித்தவை: உறையின் முன்பாதி நீலமும் தவிட்டு நிறமுமாக மாறியிருக்கிறது. வால்குழாய் வாயில் மஞ்சளாக நூல்நூலாக ஏதோ ஒட்டியிருந்தது, தொட்டால் பொடியாகிறது. விரலால் தட்டினால் முன்பாதி காலி டப்பா மாதிரி ஒலிக்கிறது. இரண்டு மூடியும் ரிவெட் அடித்தவை, வெல்டிங் இல்லை.

பேக்கிங், அதாவது சைலன்சருக்குள் அடைத்திருக்கும் நார், போய்விட்டது என்று நினைக்கிறேன். நானே பிரித்து அடைக்கலாமா? எதை அடைப்பது? எவ்வளவு?

---

பட்டறைமூத்தவர்

தம்பி, நீங்க சொல்றதைப் பார்த்தா பேக்கிங்தான். ஆனா பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் செலவு பண்ணி லீக் இல்லைன்னு உறுதி பண்ணிக்கோங்க. பேக்கிங் மாத்தி, பூட்டி, ஸ்டார்ட் பண்ணினா அதே சத்தம். கடைசில பார்த்தா மேனிஃபோல்ட் கேஸ்கெட், அதாவது எஞ்சின்லேர்ந்து புகைக்குழாய் கிளம்பற இடத்து அடைப்புத் தகடு. இப்படி எத்தனையோ பேரைப் பார்த்தாச்சு.

காலையில எஞ்சின் முழுசா ஆறியிருக்கறப்ப ஸ்டார்ட் பண்ணுங்க. "டிக் டிக் டிக்"னு கேட்டு, சூடாக ஆக அது குறைஞ்சா மேனிஃபோல்ட் பக்கம் கசிவு; இரும்பு விரிஞ்சு இடுக்கு மூடிக்கறதால சத்தம் அடங்குது. அடுத்தது, திறந்த வெளியில நிறுத்தி, ஐடிலிங்ல விட்டு, தடிச்ச கையுறை போட்டுக்கிட்டு, மடிச்ச ஈரத்துணியால வால்குழாயை நாலஞ்சு விநாடி அழுத்திப் பிடிங்க. எஞ்சின் திணறணும். திணறாம ஜாலியா ஓடினா புகை வேற வழி கண்டுபிடிச்சிருக்குன்னு அர்த்தம். எங்க "உஸ்"னு கேக்குதோ அங்க கரி படிஞ்சிருக்கும்.

ஸ்டார்ட் பண்ணாமலும் பார்க்கலாம். வேக்குவம் கிளீனரோட ஊதற பக்கத்தை வால்ல சொருகி, இணைப்பு எல்லாத்துலயும் சோப்புத் தண்ணி தடவுங்க. குமிழி வந்தா மாட்டிக்கிச்சு.

---

புதுஸ்பேனர்

அண்ணா, இரண்டும் செய்தேன். சோப்புத் தண்ணீரில் சைலன்சருக்கு முந்தைய சொருகு இணைப்பில் குமிழி வந்தது. கழற்றிச் சுத்தம் செய்து, கிளாம்ப்பைப் புதிதாக மாற்றினேன். மேனிஃபோல்ட் சுத்தம்.

டெசிபல் மீட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி அளந்தேன்: முன்பு 106, இப்போது 105. காரல் அப்படியே இருக்கிறது. ஆக, பேக்கிங்தான்.

---

ஒலிக்காரர்

நண்பரே, அளந்து பார்த்தது மிக நல்ல காரியம். எப்போதும் ஒரே மாதிரி அளக்க வேண்டும்: வால்குழாய் வாயிலிருந்து 0.5 மீட்டர் தூரம், புகை வரும் திசைக்கு 45 டிகிரி சாய்வு, மைக் வால்குழாயின் உயரத்தில், தரையிலிருந்து 20 செ.மீ.க்குக் குறையாமல். அதே ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை), அதே இடம். சுவர் பக்கத்தில் நின்றால் எதிரொலி சேரும். போன் செயலியை நம்ப வேண்டாம். அதன் மைக் இந்த அளவுச் சத்தத்தில் திணறி, குறைத்துக் காட்டும்.

உங்களிடம் இருப்பது நேர்வழி சைலன்சர். உள்ளே துளைபோட்ட குழாய், அதைச் சுற்றி நார், வெளியே உறை. புகை நேராகப் போய்விடும். ஒலி அலை மட்டும் துளை வழியே நாருக்குள் புகும். அங்கே காற்று நாரிழைகளுக்கு இடையே முன்னும் பின்னும் உரசி, ஒலியின் ஆற்றல் வெப்பமாகிவிடும். நார் இல்லையென்றால் உரசல் இல்லை. வெறும் தகர உறைதான் மிச்சம், அதுவும் சேர்ந்து அதிரும். நீங்கள் சொல்லும் காரல் அதுதான்.

ஒன்றை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பேக்கிங் மாற்றினால் காரல் போகும். 3,000 ஆர்பிஎம் அருகே வரும் "ம்ம்ம்" என்ற முனகல் போகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் 3,000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 100 முறை எரிகிறது, அதாவது 100 ஹெர்ட்ஸ். 400 டிகிரி புகையில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 520 மீட்டர். அலை நீளம் 5.2 மீட்டர், அதில் கால் பங்கு 1.3 மீட்டர். நார் ஒலியை நன்றாகத் தின்ன வேண்டுமென்றால் அதன் தடிமன் இந்தக் கால் அலைக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வர வேண்டும். உங்கள் சைலன்சரில் நாரின் தடிமன் 5 செ.மீ. இருக்குமா? 2,000 ஹெர்ட்ஸ் காரலுக்குக் கால் அலை 6.5 செ.மீ., அது அடங்கிவிடும். 100 ஹெர்ட்ஸுக்கு இந்தத் தடிமன் எந்த மூலைக்கு!

---

நட்டுபோல்ட்டு

நான் பட்ட பாட்டைச் சொல்லிடறேன், நீங்க படாதீங்க. முதல் தடவை பேக்கிங் மாத்தினப்ப வீட்டுக் கூரைக்குப் போடற கண்ணாடிப் பஞ்சு மிச்சம் இருந்தது. பஞ்சுதானே, எல்லாம் ஒண்ணுதான்னு அடைச்சேன். முதல் நாள் அருமையா இருந்தது. 400 கி.மீ. தாண்டறதுக்குள்ள பழைய சத்தம் திரும்பி வந்துடுச்சு. பின்னால வந்த நண்பர் ரோட்டுல வெள்ளையா ஏதோ பறக்குதுன்னு சொன்னார். பிரிச்சா உள்ள ஒரு கைப்பிடி தூசிதான்.

காரணம் பிறகுதான் புரிஞ்சது. கூரைப் பஞ்சு குட்டை நார், பிசின் போட்டு ஒட்டி வெச்சிருக்காங்க. 200 டிகிரிக்கு மேல போனா பிசின் சிதைய ஆரம்பிக்கும். பிசின் போனா நாரைப் பிடிச்சுக்க ஒண்ணும் இல்லை. புகை ஒவ்வொரு துண்டா உறிஞ்சிட்டுப் போயிடும்.

ஈ-கிளாஸ்னு சொல்ற நீளநார்க் கண்ணாடி இழை வாங்குங்க. பாய் மாதிரி ஊசி குத்திப் பின்னினது கிடைக்கும், கயிறு மாதிரி சுருளாவும் கிடைக்கும். இழை அறுபடாம நீளமா ஓடறதால துளை வழியா வெளியே வராது. 500, 600 டிகிரி தொடர்ந்து தாங்கும். 840 பக்கம் போனாதான் இளகும்.

---

வால்குழாய்

கண்ணாடியே வேண்டாம் என்பது என் கருத்து. ஸ்டெயின்லெஸ் நார் மட்டும் அடைத்து மூன்று வருஷமாக ஓட்டுகிறேன். எரியாது, பொடியாகாது, உடம்பு அரிக்காது.

---

டிக்வெல்டர்

எரியாது, உண்மை. ஆனால் ஸ்டெயின்லெஸ் இழை தடிமன். அதே எடைக்குக் கண்ணாடியில் இழைகள் பல மடங்கு அதிகம், உரசும் பரப்பும் அவ்வளவு அதிகம். முழுக்க ஸ்டெயின்லெஸ் போட்ட சைலன்சரும் கண்ணாடி போட்டதும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கேட்டிருக்கிறேன். ஸ்டெயின்லெஸ்ஸில் கொஞ்சம் கரகரப்பு மிச்சம் இருக்கும்.

இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். துளைக்குழாய் மேல் ஒரு சுற்று ஸ்டெயின்லெஸ் நார், 5 மி.மீ. போதும். அதன் மேல் கண்ணாடி. சூட்டையும் புகையின் அடியையும் ஸ்டெயின்லெஸ் வாங்கிக்கொள்ளும், சத்தத்தைக் கண்ணாடி பார்த்துக்கொள்ளும். எஞ்சின் பக்கத்துப் பாதிக்கு மட்டும் போட்டாலே ஆயுள் கூடும். முதலில் காலியாவது அந்தப் பாதிதான்.

பாத்திரம் தேய்க்கும் சாதா இரும்பு நாரைப் போட்டுவிடாதீர்கள். ஈரத்தில் துருப்பிடித்து ஒரே குளிர்காலத்தில் மண்ணாகிவிடும்.

---

வால்குழாய்

கரகரப்பு கொஞ்சம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் பக்கத்தில் குழந்தை உட்காரும் வண்டிக்கு நீங்கள் சொல்கிற கலப்பு முறைதான் சரி.

---

பின்சக்கரம்

பிரிப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை. நான் வெப்பத்தடுப்பு வேலையில் பல வருஷம் இருந்தவள். பழைய பேக்கிங் புதியதைவிட மோசம்: சூட்டில் நொறுங்கி நுண் தூசியாகியிருக்கும். நல்ல மாஸ்க், ஓரம் மூடிய கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கையுறை. இவை இல்லாமல் ரிவெட்டில் கை வைக்காதீர்கள். மூடியைக் கழற்றியதும் தண்ணீரைத் தெளித்து நனைத்துவிட்டு, பிறகு உருவுங்கள். காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள், சாதா வேக்குவமும் வேண்டாம். கையைக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். தேய்க்காமல் ஓட விடுங்கள்.

கண்ணாடிப் பஞ்சைக் கண்டு பயந்துவிடவும் வேண்டாம். வெப்பத்தடுப்புக்குப் போடும் கண்ணாடிப் பஞ்சையும் பாறைப் பஞ்சையும் 2002-ல் வெளியான உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மறுமதிப்பீடு மூன்றாம் பிரிவுக்கு மாற்றியது. அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று வகைப்படுத்த முடியாத பிரிவு. ஆனால் செராமிக் நாரை அதே மதிப்பீடு சந்தேகப் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. "அதிகச் சூடு தாங்கும்" என்று யாராவது செராமிக் போர்வையைக் கொடுத்தால் வாங்காதீர்கள். பல பத்தாண்டு பழைய, வரலாறு தெரியாத சைலன்சர் என்றால் உள்ளே கல்நார்கூட இருக்கலாம். அதைத் திறக்கவே வேண்டாம்.

---

பட்டறைமூத்தவர்

அக்கா சொன்னதை அப்படியே கேளுங்க. இப்ப பிரிக்கற முறை.

கழட்டினதும் முதல் வேலை எடை போடறது. முழு சைலன்சரையும் தராசுல வெச்சு எழுதிக்கோங்க. ஏன்னு பிறகு சொல்றேன்.

மூடிக்கும் உறைக்கும் குறுக்கே மார்க்கரால கோடு போடுங்க, ரெண்டு பக்கமும். பிராக்கெட் எந்தத் திசையில இருந்துச்சோ அதே மாதிரி திரும்ப உட்காரணும். ரிவெட் நடுவுல இரும்பு ஊசித் துண்டு மிச்சம் இருக்கும். அதை மெல்லிசான பஞ்ச் வெச்சு உள்ள தட்டிடுங்க. தட்டாம டிரில் வெச்சா பிட் வழுக்கி உறையைக் கீறும். பிட் ரிவெட்டோட அதே அளவு: 4.8 ரிவெட்டுன்னா 4.8 பிட். தலையை மட்டும் எடுத்தா போதும், துளையைப் பெருசாக்காதீங்க. ஸ்டெயின்லெஸ் ரிவெட்னா கோபால்ட் பிட், மெதுவான வேகம், அழுத்தம் அதிகம், ஒரு சொட்டு எண்ணெய். வேகமா சுத்தினா ஸ்டெயின்லெஸ் இறுகிப் போய் பிட்டைத் தின்னுடும். ரிவெட் கூடவே சுத்த ஆரம்பிச்சா நிறுத்திட்டு, தலைக்கு அடியில கூர் உளி வெச்சு ஒரு தட்டு.

மூடி லேசுல வராது. கரியும் பேஸ்ட்டும் சேர்ந்து ஒட்டியிருக்கும். மரக்கட்டை வெச்சு ரப்பர் சுத்தியால சுத்திச் சுத்தித் தட்டுங்க. ஒரே இடத்துல அடிச்சா உறை முட்டை வடிவத்துக்குப் போயிடும், பிறகு மூடி உட்காராது.

---

புதுஸ்பேனர்

இன்று பிரித்தேன். பிரிப்பதற்கு முன் எடை 3 கிலோ 60 கிராம்.

16 ரிவெட்டில் மூன்று கூடவே சுழன்றன; உளி வைத்ததும் போய்விட்டன. பின்மூடி பத்து நிமிஷத்தில் வந்தது. முன்மூடிக்கு ஒரு மணி நேரம் ஆனது.

உள்ளே பார்த்ததை எழுதுகிறேன். பின்பாதியில் நார் இருந்தது, ஆனால் கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு, நனைந்து காய்ந்த கம்பளி மாதிரி இறுகியிருந்தது. நடுவில் மஞ்சள். முன்பாதியில் 15 செ.மீ. நீளத்துக்கு ஒன்றுமே இல்லை. உறையின் உட்புறம் வெறும் உலோகம், மூடி ஓரத்தில் மட்டும் சாம்பல் நிறப் பொடி. கையுறை விரலால் அழுத்தியதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. எல்லாவற்றையும் நனைத்து, பையில் கட்டி, காய்ந்தபின் எடை போட்டேன்: 260 கிராம்.

துளைக்குழாயில் பாதித் துளைகள் கரியால் அடைந்திருந்தன. அதைவிடப் பெரிய பிரச்சினை: முன்மூடியோடு வெல்டு ஆகும் இடத்தில் குழாய் மூன்றில் ஒரு பங்கு சுற்றளவுக்கு விரிந்திருக்கிறது. முடிக்கற்றை மாதிரி மெல்லிய கோடு. குழாயை லேசாக முறுக்கினால் வாய் திறக்கிறது. இரண்டு முனையிலும் குழாய் மூடியோடு வெல்டு ஆகியிருக்கிறது. விரிசலை மட்டும் வெல்டு செய்தால் போதுமா?

---

டிக்வெல்டர்

போதாது. மறுபடி அதே இடத்தில் விரியும். காரணம் இரண்டு முனை வெல்டு.

துளைக்குழாய் நேராகப் புகையில் குளிக்கிறது, உறை காற்றில் நிற்கிறது. 304 ஸ்டெயின்லெஸ் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 17 மைக்ரான் நீளும். 450 மி.மீ. குழாய் 400 டிகிரி சூடேறினால் 3 மி.மீ. நீளும். உறை 130 டிகிரிதான் ஏறியது என்றால் 1 மி.மீ. மீதி 2 மி.மீ. எங்கே போகும்? ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் குழாய் இரண்டு மூடியையும் தள்ளுகிறது, அணைத்ததும் இழுக்கிறது. நாலு வருஷம் தள்ளி இழுத்தால் வெல்டு ஓரம் களைத்துவிடும்.

புதுத் துளைக்குழாய் வாங்குங்கள். முன்முனையை மூடியோடு வெல்டு செய்யச் சொல்லுங்கள். பின்முனை வெல்டு வேண்டாம். பின்மூடியின் கழுத்துக்குள் 20 மி.மீ. சொருகி நிற்கட்டும், நகரட்டும். சொருகு இறுக்கமாக இருக்க வேண்டும், ஆட்டம் இருந்தால் கலகலக்கும்.

துளை 3 மி.மீ., மையத்துக்கு மையம் 5 மி.மீ., மாற்றி மாற்றி அமைந்த வரிசை என்று பார்த்து வாங்குங்கள். சுமார் 33 சதவீதம் திறப்பு வரும், அது நல்ல அளவு. இதைவிடப் பெரிய துளை நாரை விழுங்கும்.

---

புதுஸ்பேனர்

புதுக் குழாய் வந்துவிட்டது, முன்முனை வெல்டும் ஆகிவிட்டது. நார் இல்லாமல் எல்லாம் சேர்த்து 2 கிலோ 805 கிராம்.

இப்போது அளவு. உறையின் உள்விட்டம் 15 செ.மீ., குழாயின் வெளிவிட்டம் 5.1 செ.மீ., நீளம் 45 செ.மீ. எவ்வளவு நார்?

---

நட்டுபோல்ட்டு

கை எவ்வளவு அழுத்த முடியுமோ அவ்வளவு. நான் இதைவிடச் சின்ன சைலன்சர்ல ஒரு கிலோவுக்கு மேல திணிச்சிருக்கேன்.

---

ஒலிக்காரர்

இதை மறுக்க வேண்டியிருக்கிறது நண்பரே. அதிகம் அடைத்தால் சத்தம் குறையும் என்பது ஒரு எல்லை வரைக்கும்தான். அதற்கு மேல் நார் பலகை மாதிரி இறுகிவிடும். ஒலி உள்ளே புகாமல் மேற்பரப்பிலேயே முட்டித் திரும்பும். உள்ளே புகுந்தால்தானே உரசல்? குறைவாக அடைத்தாலோ, அதிர்வில் நார் கீழே படிந்து மேலே வெற்றிடம் விழும்.

நீளநார் கண்ணாடிக்கு லிட்டருக்கு 100 முதல் 150 கிராம் வரை பொருந்தும். நான் 120 எடுப்பேன். உங்கள் கொள்ளளவு: 15-இன் வர்க்கம் 225, 5.1-இன் வர்க்கம் 26, கழித்தால் 199. அதை 0.785-ஆலும் 45-ஆலும் பெருக்கினால் 7,030 கன செ.மீ., அதாவது 7 லிட்டர். 120 கிராம் வீதம் 840 கிராம். முன்பாதியில் ஸ்டெயின்லெஸ் சுற்று பிடிக்கும் இடம் சுமார் 0.2 லிட்டர், 25 கிராம் கழியுங்கள். 815 கிராம் கண்ணாடி.

பழைய பேக்கிங்கில் மிஞ்சியது 260 என்றீர்கள். முதலில் இதே அளவு இருந்திருந்தால் மூன்றில் இரண்டு பங்கு வால் வழியாகப் போய்விட்டது.

---

நட்டுபோல்ட்டு

சரிதான். நான் திணிச்சதுல முதல்லயே எதிர்பார்த்த அளவு சத்தம் குறையலை. நார் சரியில்லைன்னு நினைச்சுட்டு இருந்தேன். அடுத்த தடவை எடை போட்டுப் பார்க்கறேன்.

---

பட்டறைமூத்தவர்

தம்பி, புதுசை அடைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். பக்கவாட்டு சைலன்சர் சின்னதுதான், சூடு அதிகம்தான். இருந்தாலும் 14,000 கி.மீ.ல 15 செ.மீ. நீளத்துக்கு மொத்தமா காலின்னா அது இயல்பான தேய்மானம் இல்லை. உள்ள நெருப்பு எரிஞ்சிருக்கு. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் "பட் பட்"னு வெடிக்குமா? பிளக் என்ன நிறம்?

---

புதுஸ்பேனர்

வெடிக்கும் அண்ணா. சொல்லப்போனால் அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துப்போய், சரி செய்யாமலே விட்டுவிட்டேன். பிளக் நான்கும் கறுப்பு, வெல்வெட் மாதிரி கரி.

---

பட்டறைமூத்தவர்

அதான் காரணம். பெட்ரோல் அதிகமாப் போகுது. சிலிண்டர்ல எரியாத பெட்ரோல் சைலன்சர்ல போய் எரியுது. ஒவ்வொரு "பட்"டும் நார்ல ஒரு சின்ன வெடி: இழையை அறுக்குது, சூட்டை ஏத்துது, அறுந்ததை வெளியே தள்ளுது. பற்றவைப்பு நேரம் பின்தங்கியிருந்தாலும் இதேதான். எரிஞ்சுக்கிட்டு இருக்கற புகையே வால்வைத் தாண்டி வந்துடும்.

கார்புரேட்டரைச் சரி பண்ணுங்க, ரெண்டையும் சமன்படுத்துங்க, டைமிங்கை ஸ்ட்ரோப் லைட் போட்டுப் பாருங்க. அதுக்குப் பிறகுதான் புதுப் பேக்கிங். இல்லைன்னா அடுத்த வருஷம் இதே இடத்துல இதே கேள்வி கேப்பீங்க. இந்த விஷயத்துல நான் விட்டுக் கொடுக்க மாட்டேன்.

---

புதுஸ்பேனர்

இரண்டு வாரம் ஆகிவிட்டது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை ஒரு அளவு குறைத்தேன், சமன்படுத்தினேன். டைமிங் 4 டிகிரி பின்தங்கியிருந்தது, சரி செய்தேன். பழைய குழாயையே தற்காலிகமாக மாட்டி ஓட்டிப் பார்த்தேன், பிளக் இப்போது தவிட்டு நிறம். ஆக்ஸிலரேட்டரை விட்டால் வெடிப்பு இல்லை.

நேற்று அடைத்தேன். கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முன்பாதியில் ஸ்டெயின்லெஸ் நார், 60 கிராம் பிடித்தது. மெல்லிய ஸ்டெயின்லெஸ் கம்பியால் மூன்று இடத்தில் கட்டினேன். கண்ணாடிப் பாயைத் தராசில் வைத்து 815 கிராமுக்கு வெட்டி, குழாய் மேல் சுற்றினேன். இறுக்கிச் சுற்றினாலும் உறையைவிட ஒரு விரற்கடை தடிமனாக நின்றது.

முதல் முயற்சியில் உறையை அப்படியே மேலே தள்ளினேன். பாதி போனதும் நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தால் கை மடித்த சட்டை மாதிரி நார் எல்லாம் பின்னால் சுருண்டு குவிந்திருந்தது, முன்னால் துளைக்குழாய் தெரிந்தது. அப்படியே மூடியிருந்தால் பழைய நிலைமைதான்.

அவிழ்த்து மறுபடி சுற்றினேன். இந்த முறை ஒவ்வொரு சுற்றையும் என் தம்பி பிடித்துக்கொள்ள, பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பால் ஐந்து இடத்தில் இறுக்கினேன். டேப் உள்ளேயே எரிந்துவிடும். அதன் மேல் வழவழப்பான, தடித்த பிளாஸ்டிக் தாளை ஒரு சுற்றுச் சுற்றி, அதன் வால் நுனியை வெளியே நீட்டி வைத்தேன். உறை அதன் மேல் வழுக்கிக்கொண்டே முழுசாகப் போனது. பிறகு தாளை மெதுவாக உருவினேன். நார் "புஸ்" என்று விரிந்து உறையை நிறைத்தது. இரு முனையிலும் விரலை விட்டுப் பார்த்தேன், எங்கும் குழி இல்லை.

மூடி ஓரத்தில் அதிகச் சூடு தாங்கும் சிலிக்கான், ஸ்டெயின்லெஸ் ரிவெட். மொத்த எடை 3 கிலோ 680.

---

டிக்வெல்டர்

நல்ல வேலை. சிலிக்கான் ஒரு நாள் முழுக்க ஆறட்டும். முதல் ஓட்டத்தில் கால் மணி நேரம் புகையும் பிளாஸ்டிக் எரிந்த வாடையும் வரும். டேப்பும் நார் மேலிருக்கும் பூச்சும் எரிவதுதான். வீட்டுக்குள் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

லேம்டா சென்சார் (புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளப்பது) உள்ள வண்டிக்காரர்கள் கவனிக்க: சென்சாருக்கு முன்னால் எந்த இணைப்பிலும் சாதா சிலிக்கான் பூசாதீர்கள். அதன் ஆவி சென்சாரைக் கெடுக்கும். சென்சாருக்குப் பாதகமில்லை என்று குழலில் எழுதியிருப்பதை மட்டும் பூசுங்கள். இவருக்குக் கார்புரேட்டர், பிரச்சினை இல்லை.

---

புதுஸ்பேனர்

இன்று ஓட்டினேன். புகை 20 நிமிஷம் வந்தது. பிறகு நின்றது.

அதே மீட்டர், அதே இடம், அதே 4,500 ஆர்பிஎம்: 99 டெசிபல். 105-லிருந்து 99. காரல் சுத்தமாகப் போய்விட்டது. ஒலிக்காரர் சொன்ன மாதிரியே 3,000-இல் முனகல் இருக்கிறது; ஆனால் மேலே காரல் இல்லாததால் அது தொந்தரவாகத் தெரியவில்லை. உறையின் முன்பாதியில் முன்பு தண்ணீர் தெளித்தால் "சுர்" என்று ஆவியாகும், இப்போது வழிந்து ஓடுகிறது.

மகளை ஒரு சுற்று கூட்டிப்போனேன். காதைப் பொத்தவில்லை. வண்டியில் போகும்போது பேச முடிகிறது என்று அவளே சொன்னாள்.

அண்ணா, முழு எடையை எழுதி வைக்கச் சொன்னீர்களே, ஏன்?

---

பட்டறைமூத்தவர்

ரொம்ப சந்தோஷம் தம்பி. எடை எதுக்குன்னா, இனிமே உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்க ரிவெட்டைத் தொட வேண்டாம். பிராக்கெட் உள்பக்கம் 3680-ன்னு எண் குத்தி வெச்சுடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை கழட்டி, தலைகீழா ஒரு நாள் நிக்க வெச்சு ஈரத்தை வடிச்சுட்டு, தராசுல வைங்க. முதல் தடவை கொஞ்சம் குறையும், டேப்பும் பூச்சும் போனது. அதுக்குப் பிறகு 200 கிராம் குறைஞ்சிருந்தா பேக்கிங் கால் பங்கு போயிடுச்சு, பிரிக்கற நேரம். எடை கூடியிருந்தா தண்ணியோ எண்ணெயோ குடிச்சிருக்கு.

---

பின்சக்கரம்

ஈரம் என்றதும் ஞாபகம் வந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சின்னச் சின்ன ஓட்டமாக ஓட்டினால் அது சைலன்சரிலேயே தங்கி நாரை நனைக்கும். சைலன்சரின் மிகத் தாழ்ந்த இடத்தில், பின்மூடிக்குப் பக்கத்தில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டுவிட்டீர்களா?

---

புதுஸ்பேனர்

பழைய உறையிலேயே இருந்தது அக்கா, கரி அடைத்திருந்தது. கம்பி விட்டுத் திறந்துவிட்டேன். இனி வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுகிறேன்.

---

வால்குழாய்

என் நண்பர் வண்டியில் மூடி வெல்டு ஆனது, ரிவெட் இல்லை. அவருக்கு வழி உண்டா?

---

டிக்வெல்டர்

உண்டு. பின்மூடியிலிருந்து 15 மி.மீ. உள்ளே, 1 மி.மீ. தகட்டுச் சக்கரத்தால் உறையைச் சுற்றிலும் அறுக்க வேண்டும். உறையை மட்டும், ஆழம் போனால் தீப்பொறி நாரில் விழும். அடைத்து முடித்ததும், மறுபடி வெல்டு செய்வதற்குப் பதில், உறைக்குள் இறுக்கமாகப் போகும் 40 மி.மீ. அகல ஸ்டெயின்லெஸ் பட்டை ஒன்றைப் பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கும்படி வைத்து இரண்டு பக்கமும் ரிவெட் அடிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை கிரைண்டர் வேண்டாம்.

---

புதுஸ்பேனர்

ஆறு மாதம் கழித்து எழுதுகிறேன். 3,000 கி.மீ. ஓடியாயிற்று. டிராக் டேயிலும் 99 காட்டியது, உள்ளே விட்டார்கள். இன்று கழற்றி, ஒரு நாள் நிமிர்த்தி வைத்து எடை போட்டேன்: 3 கிலோ 645. 35 கிராம் குறைவு. வால்குழாய் வாயில் நூல் எதுவும் இல்லை. ரிவெட் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றன. ரப்பர் மவுன்ட் ஒன்று மட்டும் ஓரத்தில் வெடித்திருந்தது, மாற்றிவிட்டேன். புது எடையைப் பிராக்கெட்டில் பழைய எண்ணுக்குக் கீழே குத்தியிருக்கிறேன்.